பெயர்ப்பலகைக்கு முன் கால அட்டவணை

(தருமபுரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னையில் ஓடும் ஒரு ரயிலைப் பற்றித் தருமபுரியில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சு பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 2025-ல் ரயில்வே வாரியம் அதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. தெற்கு ரயில்வே நடத்திவந்த அந்தத் தடம் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் கைக்குப் போகப்போகிறது. அதற்கு மெட்ரோ என்று பெயர் சூட்டலாமா? சூட்டினால் எந்த நிபந்தனையோடு சூட்ட வேண்டும்? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இது நம்முடைய கேள்வியும்கூட. நம் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு யார் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மொரப்பூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் மருத்துவமனைச் சீட்டு இருக்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கக்கூடும். அந்த மருத்துவமனைக்குப் பறக்கும் ரயிலின் கஸ்தூர்பா நகர் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் டைடல் பார்க் திருவான்மியூர் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தேடிப்போகும் அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் இறங்கினால் அரசு அலுவலகங்கள் இருக்கும் எழிலகம். இத்தனையும் ஒரே தடத்தில் இருக்கின்றன. ஆனால் சென்ட்ரலில் இறங்கும் நம் ஊர்க்காரர் எதிரே மெட்ரோவின் பளபளக்கும் நுழைவாயிலைப் பார்க்கிறார், ஆட்டோக்காரர்களைப் பார்க்கிறார். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம், அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டி, பூங்கா நகர் என்று ஒரு பறக்கும் ரயில் நிலையம் இருப்பது அவர் கண்ணில் படுவதில்லை. பத்து ரூபாய்க்குள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பெயரும் நிறமும் வரைபடமும் வெறும் அலங்காரம் என்று சொல்கிறவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வரைபடம் வேண்டாம், அவருக்கு வழி தெரியும். வெளியூரிலிருந்து நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வருகிறவருக்கு வரைபடத்தில் இல்லாத ரயில் இல்லாத ரயில்தான். ஆகவே, பெயர் வேண்டும் என்பதே என் கட்சி. அந்தப் பெயருக்குரிய வேலை முதலில் நடக்க வேண்டும், பெயர் கடைசியில் வர வேண்டும் என்பதும் என் கட்சி.

கட்டிய கதை

இந்தத் தடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தூண்களின் மேல் முதலில் ஓடிய நகர ரயில் இதுதான். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர் தூரத்தைத் தொடப் பல ஆண்டுகள் பிடித்தன. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் மீதி 5 கிலோமீட்டரோ, நிலம் கையகப்படுத்தும் வழக்கில் சிக்கி, 2008-ல் தொடங்கிய வேலை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அந்த 5 கிலோமீட்டர்தான் இந்தத் தடத்தைப் புறநகர் ரயிலோடும் மெட்ரோவோடும் தெற்கில் இணைக்கிற முடிச்சு. அந்த முடிச்சு விழாததால், இத்தனை ஆண்டுகளாக வேளச்சேரி ஒரு முட்டுச்சந்தாகவே இருந்தது.

தடத்தின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயே எழுப்பப்பட்டது. கால்வாய் அரசு நிலம், தனியாரிடம் நிலம் வாங்க வேண்டியதில்லை என்பதால் அந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு நகரம் கொடுத்த விலை இரண்டு. ஒன்று, நீர் ஓட வேண்டிய வழியில் தூண்கள் நின்றன. இன்னொன்று, கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்கள் நகரத்தின் தெற்கு விளிம்புக்குப் பெயர்க்கப்பட்டன. அந்தக் கரையில் இருந்தவர்கள் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். அவர்களில் நம் மாவட்டத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களும் உண்டு. அவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்துப் பிறந்த ரயில் இது. கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறக்கக் கூடாது.

நிலையங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அளவுக்குப் பெரிய கட்டடம். கீழ்த்தளத்தில் கடைகள், அலுவலகங்கள், வாகன நிறுத்தம் எல்லாம் வரும், அந்த வாடகையில் ரயில் ஓடும் என்ற நினைப்பில் கட்டினார்கள். கடைகள் பெரும்பாலும் வரவில்லை. அப்படி ஒரு நிலையத்தில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கும் கல்லூரி மாணவி என்ன செய்கிறாள் தெரியுமா? நடைமேடையிலேயே நின்று, கூட இறங்கிய வேறு பெண்கள் படிக்கட்டுப் பக்கம் வரும்வரை காத்திருக்கிறாள். நாலைந்து பேராகச் சேர்ந்ததும் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பெரிய வெற்றுக் கூடத்தைக் கடந்து தெருவுக்கு வருகிறார்கள். இதைத் தினமும் செய்கிறார்கள். திட்ட அறிக்கையில் எழுதப்படாத பாதுகாப்பு ஏற்பாடு அது. அந்தப் பெண்களே தங்களுக்குள் செய்துகொண்டது.

அந்தப் படிக்கட்டில் முழங்கால் வலியோடு ஏறும் மூதாட்டிக்கு மின்தூக்கி வேண்டும். சில நிலையங்களில் இல்லை, இருக்கும் இடத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை. நெரிசல் நேரம் போனால் அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம்கூட நிற்க வேண்டியிருக்கும். 2023 ஆகஸ்டில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போடுவதற்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். அது மறுபடி ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். பதினான்கு மாதம்! ஒரு பெருநகரத்தின் மெட்ரோவை அப்படிப் பதினான்கு மாதம் நிறுத்திவைக்க யாருக்காவது மனம் வருமா? பறக்கும் ரயிலை நிறுத்த முடிந்தது. அதை நம்பிய மக்களின் குரல் மேலே எட்டாத குரலாக இருந்ததுதான் காரணம்.

நமக்கு நடந்த பெயர் மாற்றம்

பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்குப் போக வேண்டாம். நம் நடைமேடையிலேயே அது நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு ரயில்கள் திரும்ப ஓடியபோது, நாடு முழுவதும் சாதாரணப் பயணிகள் வண்டிகளுக்கு எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில் என்று பெயர் வைத்தார்கள். நம்முடைய பாசஞ்சரும், மெமு என்னும் குறுந்தூர மின்சார வண்டியும் அப்படித்தான் ஆயின. வண்டி அதே வண்டி, வேகம் அதே வேகம், நின்ற நிலையங்கள் ஏறக்குறைய அவையே. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. பழைய கட்டணம் திரும்ப வந்தது 2024 பிப்ரவரி கடைசியில்தான். இடையில் ஓடிய ஆண்டுகளில் கூலி வேலைக்குப் போனவர், காய்கறிக் கூடை எடுத்துப் போனவர், கல்லூரிக்குப் போன பிள்ளை எல்லோரும் இல்லாத வேகத்துக்குப் பணம் கட்டினார்கள்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி மேல் ஒட்டிய தாளை மாற்றினால் உள்ளே இருக்கும் காய் பழமாகிவிடாது. இது நம் விவசாயிக்குத் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். ரயிலிலும் அதுதான் நியாயம்.

பறக்கும் ரயிலில் இன்று கட்டணம் 5 ரூபாய், மிஞ்சிப்போனால் 10 ரூபாய். சென்னை மெட்ரோவில் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை. இரண்டையும் சேர்க்கும்போது எந்தக் கட்டணம் நிற்கும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. ரயில்வே சட்டத்தின் கீழ் ஓடும் வண்டிக்குக் கட்டணம் உயர்த்தினால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும், அரசு பதில் சொல்லியாக வேண்டும். மெட்ரோ 2002-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் ஓடுகிறது. அங்கே கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, அது சொல்வது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். பக்கத்திலே பெங்களூருவில் பார்த்தோமே! 2025 பிப்ரவரியில் அந்த ஊர் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மாதச் சம்பளத்தில் அதன் சூட்டை உணர்ந்தார்கள்.

சென்னையிலும் நம் ஊரிலும் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை. வேளச்சேரிப் பக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் இன்று என்ன கணக்குப் போடுகிறார்? பேருந்தில் போனால் காசில்லை, ஒரு மணி நேரம் ஆகும். ரயிலில் போனால் சில்லறைக் காசு, பாதி நேரத்தில் போய்விடலாம், இன்னொரு வீட்டு வேலையும் பார்க்கலாம். அந்தச் சில்லறைக் காசை முப்பது ரூபாய் ஆக்கினால் அவர் ரயிலை விட்டு இறங்கிவிடுவார். குளிரூட்டிய பெட்டி காலியாக ஓடும், சாலையில் பேருந்து பிதுங்கும். அப்போது நாம் ஒரு ரயிலுக்குப் புதுப்பெயர் வைத்து அதன் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பியவர்கள் ஆவோம்.

மெட்ரோ என்ற பெயர் வந்தாலே கட்டணம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று சிலர் விதிபோலச் சொல்வார்கள். அது விதி இல்லை. கொல்கத்தாவைப் பாருங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-ல் அங்கேதான் ஓடியது. அதை நடத்துவது இன்றும் இந்திய ரயில்வே. அங்கே குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். டாலிகஞ்சுக்குத் தெற்கே அதன் தடம் ஆதிகங்கை என்னும் பழைய நீர்வழியின் மேல் தூண்களில் ஓடுகிறது, நம் பக்கிங்காம் கால்வாய்த் தடம் போலவே. பெயரும் மெட்ரோ, நடத்துவதும் ரயில்வே, கட்டணமும் எளியவருக்கு எட்டுவது. மூன்றும் ஒன்றாக இருக்க முடியும்.

செய்து காட்டிய ஊர்கள்

வேலையைச் செய்துவிட்டுப் பெயர் மாற்றிய ஊர் ஒன்றைச் சொல்கிறேன். லண்டனின் வடபகுதியில் பழைய புறநகர்த் தடங்கள் சில இருந்தன. ஆளில்லாத நிலையங்கள், மங்கிய விளக்குகள், எப்போது வரும் என்று தெரியாத வண்டிகள். இரவில் அங்கே நிற்க மக்கள் அஞ்சினார்கள். 2007 நவம்பரில் அந்தத் தடங்களை நகரப் போக்குவரத்து ஆணையம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஓவர்கிரவுண்ட் என்று பெயரிட்டது. பெயரோடு நிற்கவில்லை. வண்டி ஓடும் நேரம் முழுவதும் நிலையத்தில் ஊழியர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நகரத்தின் மற்ற ரயில், பேருந்துகளில் செல்லும் அதே பயண அட்டை அங்கும் செல்லும் என்று ஆக்கினார்கள். புதுப் பெட்டிகள் 2009-ல் வந்தன. உலகம் முழுக்கத் தெரிந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் ஆரஞ்சு நிறத்தில் அந்தத் தடங்களையும் வரைந்தார்கள். கூட்டம் பெருகியது, பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிவந்தது.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. கிழக்கு லண்டன் தடம் என்பது சுரங்க ரயில் அமைப்பின் பகுதியாகவே இருந்த தடம். அதை 2007-ல் மூடிப் புதுப்பித்து, 2010-ல் திறந்தபோது ஓவர்கிரவுண்டோடு சேர்த்துவிட்டார்கள். மதிப்புக்குரிய சுரங்க ரயில் என்ற பெயரை இழந்தது அந்தத் தடம். யாரும் கண்ணீர் விடவில்லை. தடம் இரு பக்கமும் நீண்டது, புது வண்டிகள் வந்தன, மக்கள் ஏறினார்கள். பெயர் எந்தப் பக்கம் போனாலும், வண்டி நேரத்துக்கு வந்தால் மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 1974-ல் முதல் சுரங்க ரயில் ஓடியபோது, நகரின் நடுவே தோண்டிய சிறு சுரங்கத்தை அரசு ரயில்வேயின் பழைய புறநகர்த் தடங்களோடு சேர்த்து ஓட்டினார்கள். இன்றும் அந்த ஒன்றாம் எண் தடத்தை இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. பயணிக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே எண், ஒரே நிறம், ஒரே கட்டணம். 2004-ல் பேருந்தையும் ரயிலையும் ஒரே கட்டணக் கணக்கில் கொண்டுவந்தார்கள். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து காசு கட்ட வேண்டாம், போன மொத்தத் தூரத்துக்குத்தான் காசு.

மும்பையையும் சொல்ல வேண்டும். அங்கே லோக்கல் ரயிலுக்கு யாரும் மெட்ரோ என்று பெயர் கேட்கவில்லை. நாளொன்றுக்கு சுமார் 70 லட்சம் பேரைச் சுமக்கும் அமைப்பு அது. நெரிசலும் விபத்தும் அங்கே பெருங்கொடுமைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற நம்பிக்கை இருப்பதால் அந்த ஊரின் வாழ்க்கையே அதைச் சுற்றி அமைந்திருக்கிறது. அடிக்கடி வரும் வண்டிக்குப் பெயர் தானாகவே நிலைக்கும்.

நான் கேட்கும் நிபந்தனைகள்

ஆகவே பறக்கும் ரயில் விஷயத்தில் என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ நிறுவனம் அதை எடுத்துக்கொள்வது நல்லது. மெட்ரோ வரைபடத்தில் அது இடம்பெற வேண்டும், மெட்ரோ என்ற பெயரும் வரட்டும். ஆனால் முன்னதாக மூன்று காரியம் நடந்திருக்க வேண்டும்.

முதலாவது, நேரம். சென்னை மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது, நெரிசல் நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது. பறக்கும் ரயிலில் நாள் முழுவதும், நெரிசல் இல்லாத மதிய வேளையிலும், பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. பொறியியல் பக்கத்தில் இதற்குப் பெரிய தடை இல்லை. இரண்டுமே மேல்கம்பி வழியாக 25 ஆயிரம் வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. பறக்கும் ரயில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை, மெட்ரோ 1435 மில்லிமீட்டர் பாதை. மெட்ரோ பெட்டியை நேராக இதில் ஓட்ட முடியாது, இதற்கென்று அகலப்பாதைப் பெட்டிகளைத் தனியாக வாங்க வேண்டும். அதற்குக் காலம் ஆகும் என்பதை மக்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய பெட்டிக்குப் புது நிறம் அடித்து விழா எடுப்பது கூடாது.

இரண்டாவது, நிலையம். முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை ஆள் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மின்தூக்கி ஓட வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும். அந்தக் கல்லூரி மாணவி கூட்டுச் சேராமல் தனியாக, தலை நிமிர்ந்து படியிறங்கி வரும் நாள்தான் அந்த நிலையம் மெட்ரோ நிலையம் ஆகும் நாள். வெற்றுக் கூடங்களை வாடகைக்கு விட்டால் வருமானமும் வரும், ஆள் நடமாட்டமும் வரும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மயிலாப்பூர், மந்தைவெளி, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகத்தான் போகிறது. பறக்கும் ரயில் நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் இடையே வெயிலிலும் மழையிலும் சாலையைக் கடந்து ஓடாதபடி, கூரை போட்ட நடைவழி வேண்டும்.

மூன்றாவது, காசு. இன்றைய கட்டணத்தில் ஏறுகிறவர்கள் இன்றைய கட்டணத்திலேயே ஏற வழி இருக்க வேண்டும், மாதச் சீட்டு தொடர வேண்டும். பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்துச் சீட்டு எடுக்கும் சென்னை ஒன் செயலியை 2025 செப்டம்பரில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரே சீட்டு என்பது பாதி வேலைதான். மூன்றுக்கும் மூன்று கட்டணத்தைக் கூட்டி ஒரே சீட்டில் அச்சடிப்பதால் ஏழைக்குப் பயனில்லை. சியோலில் செய்ததுபோல் தூரத்துக்குத்தான் காசு, வண்டி மாறியதற்குத் தண்டம் கிடையாது என்ற நிலை வர வேண்டும்.

இந்த மூன்றும் நடந்த பிறகு பெயர்ப்பலகையை மாற்றுங்கள். அன்று நானே கைதட்டுவேன்.

நம் தடம்

இனி நம் ஊருக்கு வருகிறேன். மெட்ரோ என்ற சொல்லுக்கு இன்று ஒரு மயக்கம் இருக்கிறது. ஓசூருக்கு மெட்ரோ வேண்டும் என்று கேட்கிறோம். பெங்களூருவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. அங்கிருந்து ஓசூர் எட்டிப்பிடிக்கும் தூரம். ஆனால் பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தின் ஓரத்தில் ஓடும் மூன்றாம் கம்பியில் 750 வோல்ட் மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ நிறுவனம் ஓசூருக்குத் தயாரித்த திட்டமோ 25 ஆயிரம் வோல்ட் மேல்கம்பியை நம்பியது. இரண்டும் ஒட்டாது என்று கர்நாடகத் தரப்பு சொல்லிவிட்டது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஓசூர்க்காரர்கள் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அந்த மெட்ரோ வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குப் போகும் தண்டவாளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெங்களூருவில் புறநகர் ரயில் திட்டம் என்று 148 கிலோமீட்டருக்கு 2020-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். அதில் கனகா என்று பெயரிட்ட தடம் ராஜானுகுண்டேயிலிருந்து ஹீலலிகே வரை. ஹீலலிகே எங்கே இருக்கிறது? தருமபுரியிலிருந்து போகும் இதே தடத்தில், ஓசூருக்கு அப்பால் இருக்கிறது! அவர்கள் தங்கள் ஊர்ப் பகுதியில் இதே வழித்தடத்தைப் பயன்படுத்திப் புறநகர் ரயில் கட்டுகிறார்கள். நம் பக்கத்தில் ஓமலூருக்கும் ஓசூருக்கும் இடையே தடம் ஒற்றைத் தடமாகக் கிடக்கிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் நம் வண்டி ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். மெமுவில் போகிறவர்களுக்குத் தெரியும், எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் ஒதுங்கி நிற்கும், அங்கே எந்த அம்மா டீ கொண்டுவருவார் என்பதுவரை.

நிர்வாகச் சிக்கலும் உண்டு. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. இதே மாவட்டத்தில் மொரப்பூர் நிலையம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. ஒரு மாவட்டம், இரண்டு மண்டலம். நாம் தென்மேற்கு ரயில்வேயின் தலைமையகமான ஹூப்பள்ளிக்கும் மனுக் கொடுக்க வேண்டும், சென்னைக்கும் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது மொரப்பூர்–தருமபுரி தடம். இது புதுக் கனவு அல்ல. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிறு ரயில் ஓடியது, பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த இணைப்பைத் திரும்பப் பெற, 2016-17 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் 36 கிலோமீட்டர் தடம் அறிவிக்கப்பட்டது. 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுக்கும் வேலையில் ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பரங்கிமலை 5 கிலோமீட்டரின் கதையை நான் முன்னால் சொன்னது இதற்காகத்தான். இணைப்பு விழாத தடம் எவ்வளவு நீளம் இருந்தாலும் முட்டுச்சந்துதான்.

நம் பெண்கள் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பலர் விடுதியில் தங்கி, வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ ஊருக்கு வருகிறார்கள். தருமபுரியிலிருந்து ஓசூருக்கு ரயில் தடத்தில் சுமார் 90 கிலோமீட்டர். வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் பொருந்தி, காலை இரண்டு, மாலை இரண்டு மெமு ஓடினால், அவர்களில் ஒரு பகுதியினர் இரவு தங்கள் பிள்ளைகளோடு தூங்குவார்கள். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம், பத்தாயிரம் கோடி வேண்டாம். பெட்டிகள் வேண்டும், கடக்கும் நிலையங்கள் வேண்டும், பிறகு இரட்டைத் தடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால அட்டவணை எழுதும் மேசையில் நம் மாவட்டத்தின் குரல் இருக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த தேர்தலில் உங்களிடம் யாராவது வந்து தருமபுரிக்கு மெட்ரோ கொண்டுவருவேன், புறநகர் ரயில் கொண்டுவருவேன் என்று பெயர் பெயராகச் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு? கட்டணம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் எண்ணில் பதில் சொல்கிறவர் ரயிலைப் பற்றிப் பேசுகிறார். சொல்லாதவர் பெயரைப் பற்றித்தான் பேசுகிறார். கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. நம் நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாகவும், வணிகர் சங்கங்கள் மூலமாகவும் அங்கே இந்த மூன்று கேள்வியையும் எழுத்தில் கொண்டுபோகலாம். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஒரு வாரம் தருமபுரி நிலையத்தில் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் எந்த ஊருக்கு ஏறினார்கள் என்று குறித்துக் கொடுத்தால், அந்த மனுவுக்கு எலும்பும் சதையும் வரும். ஆய்வு என்பது அதுதான். அதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் நடைமேடைச் சீட்டும் போதும்.

சென்னையில் பறக்கும் ரயிலுக்கு மெட்ரோ என்று பெயர் வரும் நாளில் அதன் நிலையங்களில் விளக்கு எரியட்டும், வண்டி பத்து நிமிடத்துக்குள் வரட்டும், வீட்டு வேலைக்குப் போகும் அந்த அம்மா பழைய கட்டணத்திலேயே ஏறட்டும். நம் ஊரில் எந்தப் பெயரும் வராவிட்டாலும் பரவாயில்லை, காலை வண்டி வேலை நேரத்துக்கு வரட்டும். அதற்கான மனுவில் முதல் கையெழுத்தை இன்றே, இந்த அரங்கத்திலேயே போடுவோம்.